அசிஸ்ட் கணக்கில் வராத பாஸ்கள்

15,806. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.யில் ஜான் ஸ்டாக்டன் கொடுத்த மொத்த அசிஸ்ட்கள் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்த பாஸ்கள்) இவ்வளவு. ஆட்டத்துக்கு 10 அசிஸ்ட், வருடத்துக்கு 80 ஆட்டம் என்று ஒருவர் 19 வருடம் இடைவிடாமல் ஆடினாலும் 15,200தான் வரும், ஸ்டாக்டனைத் தொட முடியாது. இரண்டாம் இடத்தில் இருக்கும் கிறிஸ் பால் 3,000க்கும் மேல் பின்தங்கியிருக்கிறார். இருந்தும், வரலாற்றிலேயே பெரிய பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து அணியின் ஆட்டத்தை நடத்துபவர்) யார் என்று நாலு பேர் பேச ஆரம்பித்தால் ஸ்டாக்டனை முதல் பெயராகச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். எனக்கும் அவர் முதல் ஆள் இல்லை. ஆனால் அவரை ஒதுக்குவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ("ஒரு சாம்பியன்ஷிப்கூட ஜெயிக்கவில்லையே") சோம்பேறித்தனமான காரணம். என் பிரச்சினை அவரோடு இல்லை, அசிஸ்ட் என்கிற கணக்கோடுதான்.

பாயிண்ட் கார்டு என்பவர் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி. யார் இலையில் என்ன தீர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும், எல்லாம் சரியாக நடந்தால் ஊர் சமையற்காரரைப் பாராட்டும், ஒரு இலைக்குச் சாம்பார் வராவிட்டால் மட்டும் இவரைத் தேடும். இந்த வேலையை எண்ணிக்கையில் பிடிக்க நம்மிடம் இருப்பது அசிஸ்ட் ஒன்றுதான்: புள்ளி விழுவதற்கு முந்தைய கடைசி பாஸ். அதற்கு முந்தைய பாஸுக்கு ஒன்றும் கிடையாது. அருமையான பாஸ் கொடுத்து, வாங்கியவர் ஷாட்டைத் தவறவிட்டால் அதுவும் கணக்கில் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், எது அசிஸ்ட் என்பதை ஸ்கோரர் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் தீர்மானிக்கிறார். 1950களில் இந்த விஷயத்தில் அவர்கள் கஞ்சர்கள், வாங்கியவர் ஒரு தடவை பந்தைத் தட்டிவிட்டுப் போட்டாலே அசிஸ்ட் போய்விடும். பிற்காலத்தில் கை தாராளமாகிவிட்டது.

ஒரே ஆட்டத்தில் அதிக அசிஸ்ட் கொடுத்த சாதனை யாரிடம் இருக்கிறது தெரியுமா? மேஜிக் ஜான்சன் இல்லை, ஸ்டாக்டன் இல்லை. ஆர்லாண்டோ மேஜிக் அணியின் ஸ்காட் ஸ்கைல்ஸ், 1990 டிசம்பர் 30, டென்வருக்கு எதிராக 30 அசிஸ்ட். ஸ்கைல்ஸ் நல்ல ஆட்டக்காரர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அந்த சீசனில் டென்வர் ஆட்டத்துக்குச் சராசரி 130.8 புள்ளிகளை எதிரணிக்கு விட்டுக்கொடுத்தது. ஓடு, போடு, திரும்ப ஓடு என்பதைத் தவிர அந்த அணிக்கு வேறு திட்டமே இல்லை. அப்படி ஆட வைத்த கோச் பால் வெஸ்ட்ஹெட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மேஜிக் ஜான்சன் கதையில் திரும்ப வருவார்.

அதனால் என் அளவுகோல் வேறு. இவர் கோர்ட்டில் இருப்பதால் மற்ற நாலு பேரின் வேலை எவ்வளவு சுலபமாகிறது? இதற்குத் துல்லியமான எண் கிடையாது, சண்டை போட்டுத்தான் தீர்க்க வேண்டும். அதுவும் நல்லதற்குத்தான்.

பாப் கூஸியில் ஆரம்பிப்பது மரபு. 1950ல் பாஸ்டன் செல்டிக்ஸ் அவரை விரும்பி எடுக்கவே இல்லை. அவரை வைத்திருந்த சிகாகோ ஸ்டாக்ஸ் அணி மூடப்பட்டு, மிச்சமிருந்த மூன்று பெயர்களைத் தொப்பியில் போட்டுக் குலுக்கியதில் பாஸ்டன் கையில் வந்த சீட்டு அவருடையது. வந்தவர் முதுகுக்குப் பின்னால் பந்தைத் தட்டினார், பார்க்காத பக்கம் பாஸ் கொடுத்தார், எட்டு சீசன்கள் தொடர்ந்து அசிஸ்டில் முதலிடம், 1957ல் எம்.வி.பி. (சீசனின் சிறந்த வீரர் பட்டம்), ஆறு சாம்பியன்ஷிப். இன்றைய ஆட்டத்தோடு ஒப்பிட்டால் அவருடைய ஷாட் சதவீதம் பரிதாபமாக இருக்கும், அதைச் சொல்லிச் சிரிக்கும் இளைஞர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

எனக்குக் கூஸியிடம் பிடித்தது வேறொன்று. 1954ல் வீரர்களுக்குச் சங்கம் ஆரம்பித்தவர் அவர். பின்னால் அந்தச் சங்கத்தின் தலைவர்களாக வந்தவர்களைப் பாருங்கள்: ஆஸ்கர் ராபர்ட்சன், ஐசயா தாமஸ், டெரெக் ஃபிஷர், கிறிஸ் பால். எல்லாரும் பாயிண்ட் கார்டுகள். கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான சென்டர்களும் தலைவர்களாக இருந்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஆளைச் சேர்ப்பது, பங்கு பிரிப்பது, எதிராளியிடம் பேரம் பேசுவது என்று கோர்ட்டில் செய்த வேலையையே இவர்கள் வெளியிலும் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அதில் ஆஸ்கர் செய்தது பெரிய காரியம். 1961-62 சீசனில் அவருடைய சராசரியை எல்லாரும் சொல்வார்கள்: 30.8 புள்ளிகள், 12.5 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டில் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது), 11.4 அசிஸ்ட். மூன்றிலும் இரட்டை இலக்கம், அதாவது ஒரு முழு சீசனுக்கு டிரிபிள் டபுள். ஆச்சரியம் என்னவென்றால் அந்த வருடம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டிரிபிள் டபுள் என்ற பேச்சே புழக்கத்துக்கு வராத காலம். அதே சீசனில் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள் அடித்துக்கொண்டிருந்தார், எம்.வி.பி. பட்டத்தை பில் ரஸல் கொண்டுபோனார், சின்சினாட்டியில் இருந்த இந்த மனிதருக்கு என்ன மிச்சம்? 2016-17ல் ரஸல் வெஸ்ட்புரூக் 31.6, 10.7, 10.4 என்று அதையே திரும்பச் செய்து, அதற்காகவே எம்.வி.பி. வாங்கியபோதுதான் பழைய கணக்கை எல்லாரும் புரட்டிப் பார்த்தார்கள். ஆஸ்கரின் 181 டிரிபிள் டபுள் சாதனையையும் 2021 மே மாதம் வெஸ்ட்புரூக்தான் முறியடித்தார்.

1962ல் ஒரு அணி ஆட்டத்துக்கு 100க்கும் மேற்பட்ட ஷாட்கள் எடுக்கும், பாதிக்கும் மேல் தவறும், அதனால் ரீபவுண்ட் மலிவு என்று சிலர் குறைப்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அசிஸ்ட் கொடுக்கவே கஞ்சத்தனம் செய்த காலத்தில் 11.4 எப்படி வந்தது என்பதையும் அதே ஆட்கள் சொல்ல வேண்டும்.

ஆஸ்கர் எப்போதும் கோபமாக இருப்பார், அணியில் இருப்பவர்களைத் திட்டுவார் என்று ஒரு பேச்சு உண்டு. கோபத்துக்குக் காரணம் இருந்தது. இண்டியானாபொலிஸில் கிரிஸ்பஸ் அட்டக்ஸ் என்ற பள்ளி, நிறவெறி காரணமாகக் கறுப்பின மாணவர்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டது. 1955ல் அந்தப் பள்ளி இண்டியானா மாநிலக் கோப்பையை ஜெயித்தது, ஆஸ்கர் அதன் நட்சத்திரம். ஜெயித்த அணி நகரின் மையத்தில் ஊர்வலம் போய்க் கொண்டாடுவது வழக்கம். இவர்களை அங்கே அதிக நேரம் நிற்க விடாமல் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் இருந்த பூங்காவுக்கு அனுப்பினார்கள். அந்த அவமானத்தை அவர் மறக்கவே இல்லை. 1970ல் சங்கத் தலைவராக என்.பி.ஏ. மீதே வழக்குப் போட்டார். ஒரு வீரரை ஓர் அணி காலம் முழுக்கக் கட்டிப்போடும் முறைக்கு எதிரான வழக்கு அது, 1976ல் சமரசத்தில் முடிந்தது. இன்று ஒரு வீரர் ஒப்பந்தம் முடிந்ததும் தனக்குப் பிடித்த ஊருக்குப் போகிறார் என்றால் அதற்கு வழி அங்கே திறந்தது. மற்றவர்களின் வேலையைச் சுலபமாக்கியது யார் என்ற என் அளவுகோலைக் கோர்ட்டுக்கு வெளியே கொண்டுபோனால் ஆஸ்கர்தான் முதலிடம், பேச்சே இல்லை. ஆனால் நாம் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். அவருக்குக் கிடைத்த ஒரே சாம்பியன்ஷிப் 1971ல், மில்வாக்கியில், இளம் கரீம் அப்துல்-ஜப்பாரோடு.

அதே கரீம், ஒன்பது வருடம் கழித்து லாஸ் ஏஞ்சலீஸில். 1980 ஃபைனல்ஸில் (நாலு ஆட்டம் ஜெயித்தால் சாம்பியன்ஷிப்) லேக்கர்ஸ் 3-2 என்று முன்னிலை, ஐந்தாவது ஆட்டத்தில் கரீமுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஆறாவது ஆட்டம் பிலடெல்பியாவில், கரீம் விமானமே ஏறவில்லை. விமானத்தில் அவர் வழக்கமாக உட்காரும் இருக்கையில் போய் உட்கார்ந்தது 20 வயது மேஜிக் ஜான்சன். அன்று சென்டர் இடத்தில் ஆட்டத்தை ஆரம்பித்தவரும் அவரே. 42 புள்ளிகள், 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட், ஃப்ரீ த்ரோ 14க்கு 14. முதல் வருடப் பையன்! ஜமால் வில்க்ஸ் அன்று 37 அடித்தார், அவரை யாருக்கும் ஞாபகமில்லை, பாவம். அமெரிக்காவின் பல ஊர்களில் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சி நேரலையில்கூடக் காட்டவில்லை, இரவு பதினொன்றரைக்குப் பதிவாகப் போட்டார்கள். என்.பி.ஏ.யின் நிலைமை அப்போது அப்படி.

அந்தப் பையனை சென்டராக நிறுத்திய கோச், முன்பு சொன்ன பால் வெஸ்ட்ஹெட்தான். அடுத்த வருடமே உறவு கசந்தது. 1981 நவம்பரில் "என்னை வேறு அணிக்கு அனுப்புங்கள்" என்று மேஜிக் வெளிப்படையாகச் சொன்னார், வெஸ்ட்ஹெட் வேலை போனது, பாட் ரைலி வந்தார். சொந்த ஊர் ரசிகர்களே மேஜிக்கைக் கூச்சல் போட்டு அவமதித்தார்கள். அந்தச் சிரித்த முகத்தை மட்டும் பார்த்து அவரை அப்பாவி என்று நினைப்பவர்களுக்கு இதை அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது.

மேஜிக்கின் உயரம் 6 அடி 9 அங்குலம். அதனால் மேலிருந்து பார்த்து பாஸ் கொடுத்தார் என்பார்கள், அது பாதி உண்மை. இன்னொரு பாதி ரீபவுண்டில் இருக்கிறது. சாதாரணமாக ஒரு பெரிய ஆள் ரீபவுண்ட் எடுப்பார், திரும்பி, பாயிண்ட் கார்டைத் தேடி, அவருக்குத் தள்ளிவிடுவார். அதற்கு ஓரிரு வினாடி போகும், அதற்குள் எதிரணி ஓடிவந்து தடுப்பை அமைத்துவிடும். மேஜிக்குக்கு அந்த இடைவெளி கிடையாது. ரீபவுண்டை அவரே எடுத்து (வாழ்நாள் சராசரி 7.2) அப்படியே ஓட ஆரம்பித்துவிடுவார், இரண்டு பக்கமும் ஜேம்ஸ் வொர்த்தியும் பைரன் ஸ்காட்டும் ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பார்கள். ஆட்டத்துக்கு 11.2 அசிஸ்ட், இன்றுவரை அதைவிட உயர்ந்த வாழ்நாள் சராசரி யாருக்கும் இல்லை. 12 முழு சீசன்களில் ஒன்பது ஃபைனல்ஸ், ஐந்து சாம்பியன்ஷிப். கரீம் இருந்தார், அதனால்தான் என்று சொல்லாதீர்கள். கரீம் 1989ல் ஓய்வு பெற்றார், அடுத்த சீசனில் லேக்கர்ஸ் 63 ஆட்டங்களில் ஜெயித்தது, மேஜிக் மூன்றாவது முறையாக எம்.வி.பி. அதற்கடுத்த வருடம் திரும்பவும் ஃபைனல்ஸ். பிறகு 1991 நவம்பர் 7, எச்.ஐ.வி. அறிவிப்பு. அப்போது அவருக்கு வயது 32.

ஐசயா தாமஸ், ஸ்டாக்டன் இருவரையும் சேர்த்துத்தான் பேச முடியும், வரலாறு அவர்களை அப்படி முடிச்சுப் போட்டுவிட்டது. 1992 பார்சலோனா ஒலிம்பிக்ஸுக்கு அமெரிக்கா அனுப்பிய அணியில் ஸ்டாக்டனுக்கு இடம் கிடைத்தது, ஐசயாவுக்கு இல்லை. இரண்டு சாம்பியன்ஷிப் (1989, 1990) ஜெயித்தவரை விட்டுவிட்டு ஒன்றும் ஜெயிக்காதவரை எடுத்தார்கள். ஐசயாவை அந்தக் காலத்தில் பலருக்குப் பிடிக்காது, அது ஊரறிந்த சங்கதி. 1991 நவம்பரில் டெட்ராய்ட்டும் யூட்டாவும் மோதியபோது ஐசயா ஸ்டாக்டனுக்கு எதிராக 44 புள்ளிகள் அடித்தார், கணக்குத் தீர்த்தார் என்றே எல்லாரும் படித்தார்கள். அடுத்த முறை டிசம்பரில் சந்தித்தபோது ஸ்டாக்டனின் தோழர் கார்ல் மலோன் முழங்கையால் ஐசயாவின் நெற்றியைப் பிளந்தார். 40 தையல். ஐசயா தையலோடு திரும்ப வந்து ஆடினார், பைத்தியக்காரர்.

திறமை என்ற ஒன்றை மட்டும் கேட்டால் ஐசயாதான் மேல். 1988 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டம், கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டே மூன்றாவது கால்பகுதியில் மட்டும் 25 புள்ளிகள். ஆட்டம் 103-102 என்று கைவிட்டுப் போனது, தொடரும் போனது, ஆனால் அந்த 12 நிமிடங்களைப் பார்க்காமல் இவர்களை வரிசைப்படுத்த யாருக்கும் உரிமையில்லை என்பேன்.

ஸ்டாக்டனின் பெருமை வேறு மாதிரி. 19 சீசனில் அவர் ஆடாமல் விட்டது மொத்தம் 22 ஆட்டங்கள், அதில் 18 ஒரே சீசனில், முழங்கால் அறுவை சிகிச்சையால். மலோன் காவல்காரரை மறித்துத் திரை போடுவார், ஸ்டாக்டன் அதைச் சுற்றி வருவார், மலோன் உருண்டு உள்ளே போவார், பந்து போகும். எதிரணிக்கு இது தெரியும், அரங்கத்தில் பாப்கார்ன் விற்பவருக்கும் தெரியும், ஆனாலும் தடுக்க முடியவில்லை, 18 வருடம். எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்த 3,265 ஸ்டீல்களும் அவர் கணக்கில்தான் இருக்கின்றன, அதைச் சொல்ல எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 1997, 1998 இரண்டு ஃபைனல்ஸிலும் எதிரே மைக்கேல் ஜோர்டன் நின்றார். அதற்கு ஸ்டாக்டன் என்ன செய்வார்? என் வரிசையில் ஐசயாவுக்கு ஒரு படி கீழே அவர். ஒரு படிதான்.

நான் என்.பி.ஏ. பார்க்கத் தொடங்கியது ஸ்டீவ் நாஷ் காலத்தில், அதனால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம், கழித்துக்கொள்ளுங்கள். 2004ல் டாலஸ் அவரை விட்டுவிட, ஃபீனிக்ஸ் எடுத்தது. முந்தைய வருடம் 29 வெற்றி, அவர் வந்ததும் 62. அதே சீசனில் வெளியே நிற்கும் ஆட்டக்காரரைக் கை வைத்துத் தடுப்பதை நடுவர்கள் கண்டிப்பாக ஃபவுல் சொல்ல ஆரம்பித்தார்கள், அது நாஷுக்கு லாட்டரி. கூடைக்குக் கீழே புகுந்து, அங்கேயும் பந்தை நிறுத்தாமல் தட்டிக்கொண்டே மறுபக்கம் வெளியே வருவார், அதற்குள் எங்கேயோ ஒருவரின் காவல் நழுவியிருக்கும், பந்து அங்கே போய்விடும். 2005, 2006 இரண்டு எம்.வி.பி., ஃபைனல்ஸ் ஒன்றுகூட இல்லை. 2007ல் சான் அன்டோனியோவின் ராபர்ட் ஹோரி அவரை மேஜைமேல் இடித்துத் தள்ள, தங்கள் ஆள் விழுந்ததைப் பார்த்து பெஞ்சிலிருந்து எழுந்து முன்னே வந்ததற்காக ஸ்டவுடமைருக்கும் டியாவுக்கும் தலா ஒரு ஆட்டம் தடை. அடுத்த ஆட்டத்தை ஃபீனிக்ஸ் மூன்று புள்ளிகளில் தோற்றது. வேலைக்குப் போகுமுன் பல் தேய்த்துக்கொண்டே காலையில் ஆட்டம் பார்க்கும் நம்மூர்க்காரர்களில் பலருக்கு அந்த நாள் முழுக்க வேலை ஓடியிருக்காது.

இப்போது ஸ்டெஃபன் கரி. "அவர் பாயிண்ட் கார்டே இல்லை, ஷூட்டர்" என்பவர்களுக்குத்தான் அசிஸ்ட் கணக்கைப் பற்றி மேலே அவ்வளவு புலம்பினேன். கரி கூடையிலிருந்து 30 அடி தள்ளி வந்து நிற்கும்போதே இரண்டு பேர் அவரை நோக்கி ஓடுகிறார்கள். ஓடத்தான் வேண்டும். 2015-16ல் 402 மூன்று புள்ளி ஷாட்கள் போட்டவர், அதே பிப்ரவரியில் ஓக்லஹோமா சிட்டியில் பாதிக் கோர்ட்டுக்குச் சற்று உள்ளேயிருந்து சர்வ சாதாரணமாக எறிந்து ஆட்டத்தை முடித்தவர். இரண்டு பேர் வந்ததும் கரி பந்தைச் சக வீரர் டிரேமண்ட் கிரீனிடம் விடுகிறார். இனி நாலுக்கு மூன்று. கிரீன் நிதானமாக உள்ளே நடந்து, காலியாக நிற்பவருக்குக் கொடுக்கிறார், புள்ளி. அசிஸ்ட் கிரீனுக்கு. கரி பெயரில் அந்த வரியில் எதுவுமே இல்லை. சில சமயம் அவர் பந்தைத் தொடுவதுகூட இல்லை, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடுகிறார், இரண்டு பேர் பயத்தில் பின்னாலேயே போகிறார்கள், நடுவில் கூடைக்குக் கீழே ஒருவர் தனியாக நின்று லேஅப் போடுகிறார். இதைப் பாஸ் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

2009 புதுமுக வீரர் தேர்வில் அவர் ஏழாவதாக எடுக்கப்பட்டவர். மினசோட்டா அவருக்கு முன்னால் ஐந்தாவதும் ஆறாவதுமாகத் தொடர்ந்து இரண்டு பாயிண்ட் கார்டுகளை எடுத்தது, இரண்டும் அவரில்லை. கணுக்கால் அடிக்கடி பிசகியதால் 2012ல் நாலு வருடத்துக்கு 44 மில்லியன் டாலர் என்ற மலிவு ஒப்பந்தம். அப்புறம் நாலு சாம்பியன்ஷிப், ஒருவர்கூட மாற்றி ஓட்டுப் போடாத ஒரே எம்.வி.பி. (இது எழுதப்படும் நாள்வரை), 2022 ஃபைனல்ஸில் பாஸ்டனிலேயே போய் 43 புள்ளிகள்.

மேஜிக்கா கரியா என்றால் நான் இன்னும் மேஜிக் பக்கம்தான். கரியின் ஆட்டத்துக்கு கிரீன் மாதிரி முடிவெடுக்கத் தெரிந்த ஒருவர் கூட வேண்டும், அந்த நாலுக்கு மூன்றைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். மேஜிக் பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, வெறுமனே ஓடத் தெரிந்தால் போதும். இது நூலிழை வித்தியாசம், கரி ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். மூன்றாவது ஆஸ்கர், நான்காவது ஐசயா, ஐந்தாவது ஸ்டாக்டன்.

கிறிஸ் பாலை எங்கே வைப்பது என்பதுதான் தொல்லை. போகிற இடமெல்லாம் அணி தேறும். 2019-20ல் ஓக்லஹோமா சிட்டி தேறாது என்று எல்லாரும் எழுதிவைத்தார்கள், 44 ஆட்டம் ஜெயித்தது. அடுத்த வருடம் ஃபீனிக்ஸ் போனார், பல வருடமாகப் பிளேஆஃப் பார்க்காத அணி நேராக ஃபைனல்ஸ் போனது, 2-0 என்று முன்னிலையும் வாங்கிப் பிறகு நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்றது. 2018ல் ஹூஸ்டனுக்காக கரியின் அணியை 3-2 என்று மடக்கிவைத்து, கடைசி நிமிடத்தில் தொடைத்தசை பிடித்து உட்கார்ந்துவிட்டார். மீதி இரண்டு ஆட்டமும் அவரில்லாமல் போனது, ஏழாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் 27 மூன்று புள்ளி ஷாட்களைத் தொடர்ச்சியாகத் தவறவிட்டது. என் அளவுகோல்படி அவர் ஸ்டாக்டனுக்கு மேலே வர வேண்டும். மனசு வரவில்லை, ஆறாவது.

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பர் ஒருவர் கேட்டார்: அப்போ நிகோலா யோகிச்? 2024-25ல் 29.6 புள்ளிகள், 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட் சராசரி, டென்வரின் ஆட்டம் முழுக்க அவர் கை வழியாகத்தான் போகிறது, நாலு பேரின் வேலையை அவரைவிடச் சுலபமாக்குபவர் இன்று யார்? அவர் சென்டர், அதனால் சேர்க்கமாட்டேன் என்றேன். மேஜிக் ஒரு ராத்திரி சென்டராக ஆடியதை மூச்சுப்பிடித்துப் புகழ்ந்தாயே என்றார். எதிரணி பாயிண்ட் கார்டைக் காவல் காப்பதும் இந்த வேலையில் அடக்கம், யோகிச் அதைச் செய்வதில்லை என்றேன். மேஜிக்கும் வேகமான சின்ன ஆட்களைக் காவல் காக்கத் திணறுவார், அந்த வேலையைச் சக வீரர் மைக்கேல் கூப்பர் பார்த்துக்கொள்வார் என்பது எனக்கே தெரியும், அவருக்கும் தெரியும். யோகிச்சைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.